விடுபட்ட பெயரிலிருந்து தொடங்குங்கள்: கிறிஸ்தவப் பூரணத்துக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு, அதாவது திருவிருந்தில் பங்கெடுக்க ஆயத்தப்படுத்தும் வகுப்பு, எடுக்கத் தொடங்கி 16 ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் இயேசுவின் மலைப்பிரசங்கத்துக்கு வந்ததும் ஒரு வசனத்தில் வகுப்பு நின்றுவிடும். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் அது: “ஆகையால், பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதா பூரண சற்குணராயிருக்கிறதுபோல, நீங்களும் பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்.” போன ஆண்டு ஒரு தம்பி, வேலை முடிந்து பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து பஸ் பிடித்து நேராக வகுப்புக்கு வருபவர், இதைப் படித்ததும் வேதாகமத்தை மூடிவிட்டார். “அக்கா, இது நமக்குச் சொன்னது இல்லை. கன்னியர் மடத்தில் இருப்பவர்களுக்குச் சொன்னது” என்றார்.

பிறந்ததிலிருந்து ஆலயத்துக்கு வருபவர்களும் இந்த வசனத்தை அப்படித்தான் தாண்டிப் போகிறார்கள். நடக்காத காரியம் என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் அல்லவா? அந்தத் தம்பிக்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஒருவரையும் விட்டுவிடாமல் நேசிப்பதைத்தான் இயேசு இங்கே பூரணம் என்கிறார். அதற்குப் பழகிக்கொள்ள முடியும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பஸ்ஸில் நின்றபடி வேலைக்குப் போய்க்கொண்டே பழக முடியும்.

சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள்

பூரண சற்குணர் என்றதும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நம் கண்முன் வந்து நிற்கிறார். அவருக்குக் கோபம் வராது, பொய் சொல்லமாட்டார், ஜெபத்தில் கொட்டாவி விடமாட்டார். முதலில் அவரை அனுப்பிவிடுங்கள். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் டெலெயோஸ். இலக்கு, முடிவு என்று பொருள்படும் டெலோஸ் என்ற சொல்லின் உறவு. எதற்காக உண்டானதோ அதை எட்டிவிட்ட ஒன்றை, முற்றி முழுதானதை, டெலெயோஸ் என்பார்கள். கிரேக்கம் தெரியாமலே நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எபிரெயர் 5:14-இல் பலமான ஆகாரம் “பூரண வயதுள்ளவர்களுக்கே தகும்” என்று வருகிறதே, அங்கே இருப்பதும் இதே சொல்தான். பிலிப்பியர் 3:12-இல் பவுல் தம்மை “முற்றும் தேறினவன்” என்று எண்ணவில்லை என்கிறாரே, அந்த வினைச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இதே வசனம் “நிறைவுள்ளவர்களாய் இருங்கள்” என்று இருக்கிறது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். சற்குணம் என்றால் நற்குணங்களின் பட்டியல் ஒன்று நினைவுக்கு வருகிறது. நிறைவு என்றால் விளிம்புவரை நிறைந்த குடம் நினைவுக்கு வருகிறது.

அடுத்து ஒரு பென்சிலை எடுத்து, வசனத்தின் தொடக்கத்தில் இருக்கும் “ஆகையால்” என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். எதனால் ஆகையால்? மேலே நான்கைந்து வசனங்கள் ஏறிப் பாருங்கள். சத்துருக்களைச் சிநேகியுங்கள், சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள் என்கிறார். ஏனென்றால் பிதாவானவர் தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார், நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார். அதிலிருந்துதான் அந்த “ஆகையால்” பிறக்கிறது. கடவுளிடம் எந்தப் பூரணத்தைப் பின்பற்றச் சொல்கிறார் என்றால், ஆள் பார்த்துப் பெய்யாத அந்த மழையை. லூக்கா இதே போதனையை எழுதும்போது பூரணம் என்ற சொல்லே இல்லை. “உங்கள் பிதா இரக்கமுள்ளவராயிருக்கிறதுபோல, நீங்களும் இரக்கமுள்ளவர்களாயிருங்கள்” (லூக்கா 6:36) என்று இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். கொலோசெயர் 3:14 இன்னும் வெளிப்படையாகவே அன்பைப் “பூரணசற்குணத்தின் கட்டு” என்கிறது.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. நாமெல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்த மூதுரை வெண்பா, நல்லார் ஒருவர் இருந்தால் அவர்பொருட்டு எல்லார்க்கும் மழை பெய்யும் என்கிறது. அழகான எண்ணம்தான். ஆனால் அங்கே மழைக்கு ஒரு நல்லவராவது தேவைப்படுகிறார். மத்தேயுவின் மழை அந்த ஒருவரையும் தேடுவதில்லை. இரண்டுக்கும் உள்ள இந்த இடைவெளியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நாம் பெரும்பாலும் மூதுரையின் மழையை நம்பிக்கொண்டு, அந்த நல்லார் நாம்தான் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. “உன் சத்துருவைப் பகைப்பாயாக” என்று சொல்லப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று இயேசு தொடங்குகிறார். லேவியராகமம் 19:18-ஐத் திறந்து பாருங்கள்; பிறனிடம் அன்புகூரச் சொல்லும் பாதி மட்டும்தான் அங்கே இருக்கிறது. பகைக்கச் சொல்லும் கட்டளை இல்லை. அது மனிதர்கள் தங்கள் வசதிக்குச் சேர்த்துக்கொண்ட வால். அதே அதிகாரத்தின் 34-ஆம் வசனம் அந்நியனையும் உன்னைப்போல் நேசி என்கிறது.

கன்னியர் மடத்துக்கு மட்டும் சொன்னது என்று நினைத்த தம்பிக்கும் பதில் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட சாசனத்தில், எந்த நிலையில் வாழும் விசுவாசியும் அன்பின் நிறைவுக்கு அழைக்கப்பட்டவர் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. புராட்டஸ்டண்டுகளான நம் பக்கத்தில், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சுரங்கத் தொழிலாளிகளிடமும் நெசவாளர்களிடமும் இதையே பிரசங்கித்தார்.

ஒரு தாளை எடுங்கள்

பெரிய தாள் வேண்டாம், பாதித் தாள் போதும். ஒரு பக்கத்தில் நீங்கள் தினமும் ஜெபத்தில் சொல்லும் பெயர்களை எழுதுங்கள். மறுபக்கத்தில் இந்த வாரம் நீங்கள் நேரில் பார்த்தவர்கள் எல்லோரையும் எழுதுங்கள். வீட்டுக்காரர், எதிர்வீட்டார், வாட்ச்மேன், பால் போடுபவர், மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோக்காரர், அலுவலகத்தில் உங்கள் வேலையைத் தன் வேலை என்று காட்டிக்கொண்டவர், பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன், நாத்தனார். பெயர் தெரியாதவர்களை அடையாளத்தால் எழுதுங்கள்.

இப்போது தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்தப் பெயர் முதல் பக்கத்துக்கு வரவில்லை? அங்கேதான் உங்கள் பாடம் இருக்கிறது. விடுபட்டவர்களில் சிலரை நாம் வெறுக்கிறோம். சிலரை அருவருக்கிறோம், ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. மிகப் பலரை நாம் பார்க்கவே இல்லை.

ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். மிகக் கொடுமை செய்தவரை முதலில் எடுக்காதீர்கள். நீச்சல் பழக யாரும் மெரினா அலையில் இறங்குவதில்லை. தினமும் கண்ணில் படுகிற, பார்த்தால் முகம் திரும்பிக்கொள்கிற ஒருவர் போதும்.

என் தாளில் விடுபட்ட பெயர்

2019 கோடையைச் சென்னையில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு. ராயப்பேட்டையில் மூன்று குடித்தனங்கள் உள்ள பழைய வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இரவே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம். என் குடங்கள் பச்சை. கழுத்தில் நகப்பூச்சால் என் பெயரின் முதல் எழுத்தை எழுதியிருப்பேன். கீழ்வீட்டு அம்மாவின் குடங்கள் நீலம்.

ஒரு விடியற்காலையில் லாரி வந்துவிட்டது. அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்த் திரும்புவதற்குள் என் நான்கு குடங்களும் வரிசையின் கடைசிக்குப் போயிருந்தன. நீலக் குடங்கள் முன்னால் இருந்தன. என் முறை வரும்போது குழாயில் காற்றுதான் வந்தது. நான் அன்று அந்த அம்மாவிடம் சொன்ன வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். அவரும் சும்மா இருக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. படியில் அவர் ஏறினால் நான் உள்ளே போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் இந்தத் தாள் பயிற்சியைக் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது நானும் எழுதினேன். வீட்டுக்காரர் பெயர் இருந்தது, மாடியில் இருந்த பெரியவர் பெயர் இருந்தது. ஒரே கூரையின்கீழ் தினமும் பத்து முறை எதிர்ப்பட்ட ஒருவரின் பெயர் இல்லை. வகுப்பு எடுக்கும் நான் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமெல்லாம் அவருக்காக ஜெபித்தேன். எப்படி? “ஆண்டவரே, அந்த அம்மாவின் மனதை மாற்றும்” என்று. நான்கைந்து நாள் கழித்துத்தான், இது ஜெபம் இல்லை, கடவுளிடம் போய்க் கொடுக்கும் புகார் என்று உறைத்தது. ஆகவே இதைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்: அவர் திருந்த வேண்டும் என்று தொடங்காதீர்கள். அவருக்கு என்ன தேவையோ அதைக் கேளுங்கள். உடம்பு, பிள்ளைகள், வேலை, கடன், தூக்கம். அப்படிக் கேட்க உட்கார்ந்தபோதுதான் அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் ஒரே முற்றத்தைப் பயன்படுத்தியிருக்கிறோம்!

அடுத்த படியை இயேசுவே சொல்லிவைத்திருக்கிறார். “உங்கள் சகோதரரை மாத்திரம் வாழ்த்துவீர்களானால், நீங்கள் விசேஷித்துச் செய்கிறது என்ன?” (மத்தேயு 5:47). சத்துருவுக்காக உயிரைக் கொடு என்று அங்கே கேட்கவில்லை. வணக்கம் சொல் என்கிறார். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார். அந்தக் கோடையில் சென்னையின் வணக்கம் “தண்ணீர் வந்ததா?” என்பதுதான். படியில் அவரைப் பார்த்ததும் அதையே கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். மறுநாளும் கேட்டேன். நான்காம் நாள் முகத்தைத் திருப்பாமலே “வரவில்லை” என்றார்.

முழு வாக்கியமாக ஒன்று பேச இன்னும் மூன்று வாரங்கள் ஆயின. படுக்கையில் கிடந்த மாமியாரைக் கழுவித் துடைக்கவே நாளுக்கு ஆறு குடம் வேண்டும் என்றும், ஆறு மணிக்குள் அவர் டிபன் கடை வேலைக்குப் போக வேண்டும் என்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதனால் அவர் என் குடங்களை நகர்த்தியது நியாயமாகிவிடவில்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த மாமியார் இல்லாமல் இருந்திருந்தால்கூட, வெறும் பிடிவாதத்தால் நகர்த்தியிருந்தால்கூட, எனக்கு இட்ட கட்டளை அதே கட்டளைதான். எதிராளிக்குப் பின்னால் ஒரு சோகக் கதை கிடைக்கும், அது கிடைத்தபின் அன்பு தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். பல நேரம் கதை எதுவும் கிடைக்காது.

அந்த ஆண்டு முதல் பெருமழை இறங்கிய இரவு, எல்லோரும் கையில் கிடைத்ததை எல்லாம் முற்றத்தில் கொண்டுவந்து வைத்தோம். ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. அதன்கீழ் ஒரு நீலக் குடமும் ஒரு பச்சைக் குடமும் ஒட்டி நின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் நிறைந்து வழிந்தன. அந்த வசனத்தை நான் அதற்கு முன் எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன்.

மனதில் உருக்கம் வராவிட்டால்?

புதியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. வராவிட்டால் வராமலே செய்யுங்கள். உருக்கத்தைக் கட்டளையாகக் கொடுக்க முடியாது, நன்மை செய்வதைக் கொடுக்க முடியும். பவுல் ரோமர் 12-இல், உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடு என்கிறார். முதலில் பசியாற்று, பாசம் பிறகு வந்தால் வரட்டும். பிரான்சில் 24 வயதில் இறந்த லிசியே நகரத்துத் தெரேசா என்ற இளம் துறவி, தன் மடத்தில் தனக்கு எல்லா வகையிலும் எரிச்சலூட்டிய ஒரு சகோதரியிடம் மிகப் பிரியமானவரிடம் நடந்துகொள்வதுபோலவே நடந்துகொண்டார். அந்தச் சகோதரி ஒருநாள், என்னிடம் உனக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டேவிட்டார். இது நடிப்பு ஆகாதா என்று வகுப்பில் கேட்பார்கள். குழந்தை இரவு இரண்டு மணிக்கு அழும்போது தாய் எழுந்து போவது ஆசையாலா? எழுந்து போகிறாள். அதை நாம் நடிப்பு என்று சொல்வதில்லை.

இதை அன்பு என்று நினைத்துவிடாதீர்கள்

அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போ, பொறுத்துப் போ, ஜெபித்தால் மாறிவிடுவார் என்று பெண்களுக்குச் சொல்வதைச் சபைகளில் கேட்டிருக்கிறேன். இந்த வசனத்தையே காட்டிச் சொல்வார்கள். எனக்கு அதைவிடக் கோபம் வரும் விஷயம் வேறு இல்லை. அடிபடுவதற்கு உடம்பைக் கொடுப்பது அன்பு ஆகாது. அடிப்பவனைத் தொடர்ந்து பாவம் செய்ய விடுவது அவனுக்கும் கேடு. வீட்டை விட்டு வெளியே வாருங்கள், நம்பிக்கையானவரிடம் சொல்லுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். பகைக்காமல் இருப்பதைத் தூரத்தில் இருந்துகொண்டும் பழகலாம். மன்னிப்பு ஒரு பக்கத்திலிருந்தே நடக்கும். உறவு மீண்டும் சேர இரண்டு பக்கமும் வேண்டும்.

1999-இல் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு மகன்களும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு நின்றுவிடவில்லை. நீதிமன்றம் விசாரித்தது, குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது. அவரோ அங்கேயே தங்கி, தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்து செய்தார். மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று தின்றுவிட வேண்டியதில்லை.

கண்ணிலேயே படாதவர்கள்

பகைவரை நேசிக்கப் பழகுவது ஒருவகையில் எளிது. அவர் யார் என்று நமக்குத் தெரியும், ஜெபத்தில் அவர் முகம் வந்து இடறும். நாம் பார்க்காதவர்கள் இடறுவதே இல்லை. அதனால்தான் இந்தப் பகுதியில் கூடுதல் நேரம் செலவிடச் சொல்கிறேன்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு நீங்கள் காபி கொடுக்கும் டம்ளர் எங்கே இருக்கிறது? போய்ப் பாருங்கள். கிறிஸ்தவ வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்: கொல்லைப்புறச் சுவரின் மேல், அல்லது சின்க்குக்குக் கீழே, விளிம்பு நெளிந்த ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதை எந்தச் சண்டையிலும் யாரும் அங்கே வைக்கவில்லை. அது வழக்கமாக அங்கே இருக்கிறது. நம் முன்னோர்கள் இதே காரியத்தில் ஆலயத்துக்குள்ளேயே தோற்றிருக்கிறார்கள். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் எல்லாச் சாதியாரும் பருகுவதா என்று 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்ச் சபைகள் பிளவுபட்டன. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனே, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான். கல்யாணப் பேச்சு தொடங்கியதும் கேட்கப்படும் முதல் கேள்வியைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஞாயிறு ஒரே கிண்ணத்தில் பருகிவிட்டுத் திங்கள் அந்த நெளிந்த டம்ளரை எடுக்கும் கை நம் கைதான். இன்றே அதை மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கழுவி, அலமாரியில் வையுங்கள். நீங்களும் அதில் குடியுங்கள். அவரை உட்காரச் சொல்லி, நீங்களும் உட்கார்ந்து குடியுங்கள்.

அடுத்து நாக்கு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் மெட்ரோ பாதையைத் தோண்டுகிறவர்களை, நம் அடுக்குமாடிகளைக் கட்டுகிறவர்களை, ஒரே சொல்லில் “வடக்கன்” என்று ஒதுக்குகிறோம். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். ஒருவரிடமாவது பெயரைக் கேளுங்கள். இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவன், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பெயர்கூடச் சொல்ல விரும்பாத இனத்தைச் சேர்ந்தவன். யார் பிறன் என்று இயேசு கேட்டபோது, கதையைக் கேட்ட வேத அறிஞரான நியாயசாஸ்திரி “சமாரியன்” என்று சொல்லாமல் “இரக்கஞ்செய்தவனே” என்று சுற்றிவளைத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு பயிற்சி. கடற்கரையிலிருந்து தாம்பரம் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, எதிரில் இருக்கும் ஒவ்வொருவருக்காகவும் மனதுக்குள் ஒரு வரி சொல்லுங்கள். பூ விற்றுக்கொண்டு வருபவர், இடித்துக்கொண்டு ஏறியவர், கை தட்டிக் காசு கேட்கும் திருநங்கை. யாரையும் தாண்டாதீர்கள். மனம் யாரிடம் வந்து தாண்டப் பார்க்கிறது என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவரைத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

விழுந்த பிறகு

விழுவீர்கள். மூன்று வாரம் நன்றாகப் போய், ஒரு சொல்லில் எல்லாம் கவிழும். ஜான் வெஸ்லி (1703–1791) இதைப் பற்றி மிகத் தெளிவாக இருந்தார். தூய அன்பு ஒன்றே இதயத்தையும் வாழ்க்கையையும் ஆளுவதுதான் பூரணம் என்றார். அப்படி ஆளப்படுகிறவருக்கும் அறியாமை இருக்கும், மறதி இருக்கும், தப்புக்கணக்கு இருக்கும் என்றும் சொன்னார். வாழ்நாள் முழுவதும் இதைப் போதித்தவர், தாம் வரைந்து காட்டும் அந்த நிலையைத் தாம் எட்டவில்லை என்று 1767-இல் ஒரு பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். ராயப்பேட்டையில் அவர் பெயரைத் தாங்கிய வெஸ்லி ஆலயத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது. பரிசுத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர் தன்னை அளவுகோலாக வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

விழுந்த அன்றே எழுந்திருங்கள். “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்ற வரி தினமும் சொல்லும் ஜெபத்தில்தானே இருக்கிறது? தினமும் தேவைப்படும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

தனியாகப் பழகாதீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1742-இல் பிரிஸ்டல் நகரில் மெத்தடிஸ்டுகளுக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவாகி, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என வீடு வீடாகப் போய் வசூலித்தார்கள். போனவர்கள் வீடுகளில் நடக்கும் சண்டை சச்சரவுகளையும் பார்த்தார்கள். வசூல் குழு அப்படியே ஒருவரையொருவர் விசாரித்துத் தாங்கும் குழுவாக மாறியது. நீங்களும் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தும் செய்யலாம். ஒரே கேள்வி போதும்: “இந்த வாரம் யாரை விட்டுவிட்டாய்?” அறிவுரை சொல்கிறவரைச் சேர்க்காதீர்கள். கேட்கிறவரைச் சேருங்கள். பெயர்கள் அந்த மூவரைத் தாண்டக் கூடாது.

ஞாயிறு காலை

1947 செப்டம்பர் 27 அன்று, கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதுவரை தனித்தனியாக இருந்த ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் முதலான சபைகள் ஒன்றாயின. அதன்பின் எழுதப்பட்ட திருவிருந்து வழிபாட்டில், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து சமாதானம் பரிமாறும் முறையைச் சேர்த்தார்கள். ஒருவர் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, அதை அடுத்தவருக்குக் கொடுப்பது. இப்போது பல இடங்களில் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு வணக்கம் போட்டு முடித்துவிடுகிறோம். பக்கத்தில் நிற்பவர் யார்? நம் குடும்பம், நம் நண்பர்கள். இருபது ஆண்டுகளாக ஒரே பெஞ்சு.

இடத்தை மாற்றி உட்காருங்கள். உங்கள் பட்டியலில் இருப்பவர் அதே ஆலயத்துக்கு வருபவராக இருந்தால், அவர் உட்காரும் வரிசைக்குப் போங்கள். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தின்படி (மத்தேயு 5:23-24), அது ஆராதனைக்கு இடைஞ்சல் ஆகாது. அவர் கையை நீட்டாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். தலையசைத்துவிட்டு உட்காருங்கள். அடுத்த ஞாயிறும் அந்த வரிசைக்கே போங்கள்.

கீழ்வீட்டு அம்மா இப்போது வியாசர்பாடிப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கிறிஸ்தவர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் கேக் எடுத்துக்கொண்டு போவேன், பொங்கலுக்கு அவர் போன் செய்வார். வேதாகமத்துக்குள் இருக்கும் என் தாளில் இப்போது வேறொரு பெயர் இருக்கிறது. எங்கள் சபையிலேயே, இடதுபக்கம் மூன்றாம் வரிசை. நான்கு ஞாயிறுகள் போயிருக்கிறேன். இன்னும் கை நீட்டவில்லை.